சட்டைப்பைக்கு ஒரு டார்ச்: டர்பன் வீட்டுக்கும் டிராக்கன்ஸ்பெர்க் கூடாரத்துக்கும்

டார்ச் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது லூமென் கணக்கு, அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. 1000, 1800, சில கடைகளில் கூசாமல் 99000. அந்த எண் உண்மையாகவே இருந்தாலும் சுவிட்சைப் போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குத்தான் உரியது. உள்ளங்கையில் அடங்கும் விளக்கு 1000 லூமென் தர ஏறக்குறைய 10 வாட் இழுக்க வேண்டும். அதில் பெரும்பகுதி சூடாக மாறி அந்தச் சின்னக் குழாயிலேயே தங்கும். சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தைத் தானாகவே 300, 400 லூமெனுக்கு இறக்கிவிடும். இது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே பேட்டரி, மிகக் குறைந்த வெளிச்சப் படி, சுவிட்ச் மூன்றையும் பார்த்துவிட்டு உச்ச லூமெனைக் கடைசியாகப் பாருங்கள்.

எதற்கு எவ்வளவு வெளிச்சம்

தென்னாப்பிரிக்காவில் டார்ச் வாங்க முதல் காரணம் முகாம் இல்லை, லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது. 2023இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் 26இலிருந்து பத்து மாதம் ஓய்ந்திருந்தது. 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், மோசமான நாளில் நான்கு. இதற்கு 150 முதல் 200 லூமென் போதும், ஆனால் நேராக அடிக்கக் கூடாது. டார்ச்சை நிமிர்த்தி, பின்பக்கம் மேசையில் படும்படி நிறுத்தி, ஒளியை வெள்ளை உட்கூரையைப் பார்த்து விடுங்கள். அறை முழுக்க மங்கலான, கண் கூசாத வெளிச்சம் பரவும். சாப்பிடலாம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம். இதற்காகவே பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று கடையிலேயே மேசையில் நிறுத்திப் பாருங்கள். பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நிற்காது.

கூடாரத்துக்குள் 200 லூமென் கொடுமை. நைலான் சுவர் நாலு பக்கமும் திருப்பி அடிக்கும், பக்கத்தில் படுத்திருப்பவர் திட்டுவார். அங்கே 1 முதல் 5 லூமென் வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக 10, 20. சட்டியைத் தேட, கயிறு கட்ட 50. வழி நடக்க 100 முதல் 150. தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்க்க மட்டும் 500க்கு மேல், அதுவும் சில விநாடிகள். மிகக் குறைந்த படி 1 லூமென் அளவில் இல்லாத டார்ச்சை எங்கள் கணக்கில் முகாம் டார்ச் என்றே சொல்ல மாட்டோம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரு தடவை முழு வெளிச்சம் அடித்தால் அத்தனையும் போச்சு.

அட்டையைப் படிக்கும் விதம்

நல்ல கம்பெனிகள் ஆன்சி எஃப்எல்1 என்ற அளவுமுறையைக் குறிப்பிடும். 2009இல் வந்தது, பிறகு திருத்தப்பட்டது. அதன்படி லூமெனை விளக்கு போட்ட 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளக்கிறார்கள். எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாக விழும் வரை. இங்கேதான் ஏமாற்றுக்கு இடம். மூன்று நிமிடம் 1000, அதன் பிறகு மூன்று மணி நேரம் 300 தந்தாலும் ‘1000 லூமென், 3 மணி நேரம்’ என்று முறைப்படியே அச்சிடலாம். கம்பெனி தன் கையேட்டில் நேரத்துக்கு எதிராக வெளிச்சம் இறங்கும் வரைபடம் போட்டிருந்தால் அதை மட்டும் நம்புங்கள்.

எட்டும் தூரமும் இப்படித்தான். 200 மீட்டர் என்றால் 200 மீட்டரில் 0.25 லக்ஸ் விழுகிறது என்று பொருள் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). அது முழுநிலா வெளிச்சத்தின் அளவு. ஆள் நிற்கிறாரா கம்பம் நிற்கிறதா என்று அங்கே சொல்ல முடியாது. அட்டைத் தூரத்தில் பாதியைத்தான் பயனுள்ள தூரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு, 1 லக்ஸ்.

பொய்யைப் பிடிக்க ஒரு பெருக்கல் கணக்கு போதும். இன்றைய எல்ஈடி வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். 18650 என்பது டார்ச்சில் போடும், சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி. 3500 எம்ஏஎச் கொள்ளளவும் 3.6 வோல்ட்டும் உள்ள ஒன்றில் இருப்பது 12.6 வாட் மணி. அதை 100ஆல் பெருக்கினால் 1260. அதை நீங்கள் பயன்படுத்தப் போகும் லூமெனால் வகுத்தால் மணிக்கணக்கு வரும்: 200 லூமெனில் ஆறு மணி நேரம். உண்மையில் ஐந்து கிடைத்தால் திருப்தி. இப்போது ஒரே 18650 போட்டு ‘1000 லூமென், 10 மணி நேரம்’ என்கிற அட்டையைப் பாருங்கள். அதற்கு 100 வாட் மணி வேண்டும். எட்டில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறது.

பேட்டரிதான் டார்ச்

முதலில் பேட்டரியைத் தீர்மானியுங்கள், டார்ச் அதன் பின்னால் வரும்.

ஏஏ பேட்டரி, தெருவோரச் சின்ன ஸ்பாசா கடை வரை எங்கும் கிடைக்கும். ஒற்றை ஏஏ டார்ச் சட்டைப்பையில் பேனா போல உட்காரும். சாதாரண அல்கலைன் போட்டு டிராயரில் மறந்துவிடாதீர்கள். ஓரிரு வருடத்தில் ஒழுகும். ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம், ஸ்பிரிங்கை அரித்துவிடும். பேட்டரி உள்ளேயே ஊதி இறுகிக்கொண்டால் டார்ச்சைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வெள்ளைப் பூ பூத்த நிலையில் பிடித்துவிட்டால், கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடலாம். தினமும் புழங்குவதற்கு எனலூப் போன்ற, சார்ஜ் தங்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ. 2000 எம்ஏஎச் அளவு. காரில், அவசரப் பையில் வைக்க ஒருதடவை லித்தியம் ஏஏ. விலை கூட, ஆனால் அல்கலைன் போல ஒழுகாது, பனியிலும் வேலை செய்யும். டர்பனின் பிப்ரவரி வெயிலில் பூட்டிய காருக்குள் சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயான் டார்ச்சை விட்டுவைப்பது தவறு. சூட்டில் அதன் ஆயுள் குறையும்.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். வீட்டுக்கும் முகாமுக்கும் ஒரே டார்ச் வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். பேட்டரியோடு 100 முதல் 120 கிராம் வரும், பேண்ட் பையில் தெரியும் ஆனால் தொங்காது. 21700 இன்னும் பெரிசு, 5000 எம்ஏஎச்சும் அதற்கு மேலும் வரும், பேட்டரி மட்டுமே 70 கிராம்; அதை இடுப்பிலோ பையிலோ மாட்டிக்கொள்ளலாம், சட்டைப்பைக்குச் சரிவராது.

18650இல் போலி ஏராளம். நம்பகமான கம்பெனிகளின் 18650 பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச்சில் நின்றுவிடும். 6800, 9900 என்று அச்சடித்திருந்தால் பேச்சே வேண்டாம். சந்தேகம் இருந்தால் சமையலறைத் தராசில் வையுங்கள். நல்லது 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே சின்ன பேட்டரியைத் திணித்து மேலே பெரிய உறையைப் போட்டிருக்கிறார்கள். வாங்கும்போது நீளத்தையும் பாருங்கள். பாதுகாப்பு சர்க்யூட் சேர்த்தது 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீளும், சில டார்ச்சில் மூடி முழுதாக இறங்காது. தலை மொட்டையா, மொட்டு வைத்ததா என்பதும் அப்படியே. தவறானதைப் போட்டால் தொடர்பே கிடைக்காது.

ஏஏ அளவிலேயே 14500 என்று 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி உண்டு. ஏஏ டார்ச்சில் போட்டால் வெளிச்சம் அள்ளும், சில டார்ச் அந்த இடத்திலேயே கருகும். கையேட்டில் ‘0.9 முதல் 4.2 வோல்ட்’ போன்ற வரம்பு எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உதிரி 18650ஐச் சாவியோடு, சில்லறையோடு பேண்ட் பையில் போடக் கூடாது. பிளஸ் முனையைத் தவிர்த்து பேட்டரியின் உடம்பு முழுவதும் மைனஸ்தான், மெல்லிய பிளாஸ்டிக் உறை மறைத்திருக்கிறது. உறை பிளஸ் முனையருகே கிழிந்திருந்தாலோ ஒரு சாவி இரண்டையும் தொட்டாலோ ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பி போதும். விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோக வேண்டும், கீழே ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பேட்டரி வெளியே எடுக்க முடியாதபடி ஒட்டிய டார்ச்சும் நிறைய வருகிறது. தினம் சார்ஜ் போட்டால் இரண்டொரு வருடத்தில் அதன் பிடிப்பு குறையும். அப்போது டார்ச்சும் சேர்ந்து குப்பைக்குப் போகும். சாவிக்கொத்து டார்ச்சுக்குப் பரவாயில்லை, பிரதான டார்ச்சுக்கு வேண்டாம்.

சார்ஜ் ஓட்டை: யுஎஸ்பி-சி இருந்தாலும் சில மலிவு டார்ச், இருபக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. டார்ச்சுக்குள் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள், சார்ஜருக்கு மறுபக்கம் ஏதோ மாட்டியிருக்கிறது என்பதே தெரியாது. பழைய அகல முனைக் கேபிளைப் போட்டால் ஏறும். முகாமுக்கு ஒரே ஒரு கேபிள் எடுத்துப் போகிறவர் இதை வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும்.

சுவிட்ச்

முழு வெளிச்சத்தில் தொடங்கி, அழுத்த அழுத்த இறங்கி, நடுவில் கண்ணைப் பறிக்கும் மினுக்கல் வரும் டார்ச் எரிச்சல் பிடித்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவருக்கு அது உதவாது. குறைந்த படியிலிருந்து மேலே போக வேண்டும், அல்லது கடைசியாக விட்ட படியை நினைவில் வைத்திருக்க வேண்டும். மினுக்கல் தனி அழுத்தத்தில் ஒளிந்திருக்கட்டும்.

பக்கவாட்டு மின்னணு சுவிட்ச் வசதி, ஆனால் பேன்ட் பையில் தானாகப் போட்டுக்கொள்ளும். 1000 லூமென் டார்ச் துணியோடு ஒட்டி எரிந்தால் ஒரு நிமிடத்துக்குள் சுடும், பாலியெஸ்டர் துணி உருகி ஓட்டை விழும். தடுக்க இரண்டு வழி. சுவிட்சிலேயே பூட்டு இருக்கும், பெரும்பாலும் நான்கு அழுத்தமோ நீண்ட அழுத்தமோ, கையேட்டைப் பாருங்கள். இன்னும் நிச்சயமானது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துவது. மரையில் அனோடைஸ் பூச்சு இருந்தால் தளர்த்தியதுமே மின்சாரம் அறுந்துவிடும். கடையில் மூடியைக் கழற்றி மரையின் நிறத்தைப் பாருங்கள்: உடம்பின் நிறத்திலேயே இருந்தால் பூச்சு உண்டு, பளபளவென்று வெறும் அலுமினியம் தெரிந்தால் தளர்த்துவது பலிக்காது. பூட்டுவதில் இன்னொரு லாபம், மின்னணு சுவிட்ச் சும்மா இருக்கும்போது குடிக்கும் துளி மின்சாரமும் நின்றுவிடும்.

நிறம்: பிரை சட்டியைக் கேளுங்கள்

மலிவு டார்ச் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை. அதைப் பிரை, அதாவது கரி அடுப்பு, கம்பி மேல் அடித்துக் கோழித் தொடையை வெட்டிப் பாருங்கள். வெந்த சதையும் வேகாத சதையும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். 4000 முதல் 5000 கெல்வினில், நிறம் காட்டும் திறன் சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள எல்ஈடியை அதே இடத்தில் அடித்தால் எலும்போரம் இருக்கும் இளஞ்சிவப்பு பளிச்சென்று தெரியும். முள் குத்திய காலில் ரத்தமா சேறா என்பதும் அப்படியே. காய்ந்த இலைமேல் அசையாமல் கிடக்கும் பஃப் ஆடர் பாம்பு காலடி கேட்டாலும் ஓடாது, அதன் பழுப்புக் கோலமே அதற்கு மறைவு. பழுப்பில் பழுப்பைப் பிரித்துக் காட்டும் வெளிச்சம் அங்கே 500 லூமெனைவிட முக்கியம். இந்த எல்ஈடிக்கு லூமென் சற்றுக் குறையும். குறையட்டும். 2700 கெல்வின் அளவு மஞ்சள் வெளிச்சத்துக்கு ஈசல் பூச்சி குறைவாக வரும், கூடார வாசலில் மாட்ட அது நல்லது.

சில டார்ச்சில் பக்கத்தில் ஒரு புறஊதா விளக்கு சேர்த்துவிடுகிறார்கள். லிம்போபோ, கரூ பக்கம் முகாம் போடுபவர்கள் அதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்க வேண்டாம். தேள் அதில் பச்சை நீலமாக மின்னும். படுக்கும் முன் பாயைச் சுற்றியும், காலையில் பூட்ஸுக்குள்ளும் ஒரு தடவை அடித்துப் பார்க்கலாம். கண்ணில் அடிக்கக் கூடாது.

ஒளியின் உருவம் பற்றி ஒரே வார்த்தை: வழவழப்பான ரிஃப்ளெக்டர் தூரம் அடிக்கும், ஆரஞ்சுத் தோல் போன்ற ரிஃப்ளெக்டரும் கண்ணாடிக் கட்டி போன்ற டிஐஆர் லென்ஸும் பரவலாக அடிக்கும். முகாமில் பார்வை பெரும்பாலும் பத்து மீட்டருக்குள், ஆகவே பரவல் போதும். குவாசூலு-நட்டால் கடலோர ஊரான செயிண்ட் லூசியா போன்ற இடம் விதிவிலக்கு. அங்கே ராத்திரி நீர்யானை ஊருக்குள்ளேயே மேய வரும். காரிலிருந்து அறைக்கு நாலு எட்டு என்றாலும் 100 மீட்டருக்குத் துல்லியமாக எட்டும் ஒளியால் புல்வெளியை ஒரு வீச்சு வீசிவிட்டு இறங்குங்கள். தலையை முன்னும் பின்னும் இழுக்கும் ஜூம் டார்ச் வேண்டாம். இழுக்கும்போது காற்றோடு ஈரத்தையும் உறிஞ்சும், குவிக்கும்போது பாதி வெளிச்சம் குழாய்க்குள்ளேயே மடியும்.

மலையும் கடலும்

டிராக்கன்ஸ்பெர்க் மலையில் கோடை என்றால் பிற்பகல் இடிமழை, குளிர்காலம் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே போகும் ராத்திரி. தண்ணீர்த் தடுப்பு ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு மட்டும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம், அதற்குக் குறைவாக வாங்காதீர்கள். குளிரில் அல்கலைன் படுத்துவிடும், லித்தியம் அயானும் சோரும். ராத்திரி டார்ச்சை உறங்கும் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பனியில் உறைந்த பேட்டரியை உடனே பவர் பேங்கில் மாட்டக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அக்குளில் பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றிய பிறகு மாட்டுங்கள்.

மேகம் இறங்கிய பாதையில் தலைவிளக்கு போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான். கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி கிளம்பி, துளிகளில் பட்டு நேராகத் திரும்புகிறது. கைடார்ச்சை இடுப்பளவில் தாழ்த்தி, நடுப் படியில் பிடித்தால் பாதை தெரியும். மற்றபடி கூடாரம் அடிக்க இரண்டு கையும் வேண்டும், அப்போது இருபக்கமும் மாட்டும் கிளிப் கைகொடுக்கும். டார்ச்சைத் தொப்பி விளிம்பில் செருகிவிடலாம். வழி தவறினால் மலை அபாயக் குறி இது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னவைத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று மின்னல் திரும்பி வந்தால் யாரோ பார்த்துவிட்டார்கள்.

கடலோரத்தில் ராத்திரித் தூண்டில் போடுபவர்களுக்கு எதிரி உப்பு. வீட்டுக்கு வந்ததும் மூடி இறுக்கமாக இருக்கையில் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து, ஓ-ரிங்கில் பட்டாணியில் கால்பங்கு சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். சில ரப்பர் அதில் ஊதிவிடும். வெளிச்சம் துடிக்கிறது, மங்குகிறது என்றால் பத்தில் எட்டு தடவை பேட்டரி காரணமாக இருக்காது. மரையிலும் ஸ்பிரிங்கிலும் படிந்த அழுக்கு. சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகும்.

வாங்கிய அன்றே

பணம் திரும்பக் கிடைக்கும் நாட்களுக்குள் இதைச் செய்துவிடுங்கள். இருட்டறையில் மிகக் குறைந்த படியை வெள்ளைச் சுவரில் அடித்து, போன் கேமரா வழியாகப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் ஓடினால் ஒளி படபடக்கிறது, கண் வலிக்கும். பிறகு முழுப் படியில் ஐந்து நிமிடம் கையில் பிடியுங்கள். 1000 லூமென் என்று சொன்ன டார்ச் கொஞ்சம்கூடச் சுடவில்லை என்றால், ஒன்று அந்த எண் பொய், அல்லது எல்ஈடியின் சூடு உடம்புக்கு வரவே இல்லை; இரண்டாவதில் எல்ஈடி சீக்கிரம் கருகும். அடுத்து, சார்ஜ் ஓட்டையின் ரப்பரை அமுக்கி, மூடியை இறுக்கி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்த பிறகே திறந்து, டிஷ்யூவை உள்ளே விட்டுப் பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்று எழுதாததை வாளியில் போடாதீர்கள். கடைசியாக முழு சார்ஜில் நடுப் படியைப் போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் காந்தம் இருந்தால் பக்கி என்கிற பிக்கப் வண்டியின் பானட்டில் ஒட்டி டயர் மாற்றலாம். அதே காந்தம் பர்ஸில் இருக்கும் காந்தக் கோடு போட்ட கார்டைக் கெடுக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர் அந்த டார்ச்சைச் சட்டைப் பாக்கெட்டில் வைக்கவே கூடாது.

வீட்டில் வைக்கும் லித்தியம் டார்ச்சை முழு சார்ஜில் மாதக்கணக்கில் விடாமல் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். லோட்ஷெடிங் அட்டவணை வந்த வாரம் மட்டும் நிரப்பிக்கொண்டால் போதும். இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: மெயின் ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு ஆணியில்.